சாய்தளத்தில் காய்ந்த நெல்

சிமெண்டு போட்ட இடம் எது கண்ணில் பட்டாலும் டெல்டாக்காரன் அங்கே நெல்லைக் கொட்டிவிடுவான். ரோடு, கல்யாண மண்டப வாசல், எதையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே பள்ளிக்கூடத்துக்குச் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் கட்டி முடித்த வாரமே கண்ணுசாமி அதில் குறுவை நெல்லைப் பரப்பியதில் ஆச்சரியமில்லை. ஆனால் "ஒத்தப் புள்ளைக்காக இவ்ளோ சிமெண்டா?" என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் மல்லுக்கு நின்றவரும் இதே மகராசன்தான்.

அந்த ஒற்றைப் பிள்ளை எழில்மொழி. பதினோரு வயது. கால் இரண்டும் நடக்காது, வாய் மட்டும் நாலு ஊர் நடக்கும். இதுவரை டீச்சர் வீட்டுக்கு வந்துதான் சொல்லிக்கொடுத்தார். காலாண்டு விடுமுறை முடிந்த அன்று புதுச் சீருடை, இரட்டைச் சடையோடு சக்கர நாற்காலியில் பள்ளிக்கு வந்தாள். தள்ளி வந்தவள் அம்மா அம்சம். எதிரே சாய்தளம் முழுக்க நெல்.

"பள்ளிக்கூடம் இன்னிக்கா?" கண்ணுசாமி தலையைச் சொறிந்தார். "ஈரம் இன்னும் போகல அம்சம். கொள்முதல் நிலையத்துல எடுக்க மாட்டான். பாப்பா நாளைக்கு வரட்டுமே."

"பதினோரு வருஷமா எல்லாரும் நாளைக்குன்னுதான் சொல்றாங்க தாத்தா," என்றாள் எழில்மொழி.

கண்ணுசாமிக்குச் சுருக்கென்றது. அதற்குள் வானம் கறுத்துத் தூறல் விழுந்தது.

மனுஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தலைமையாசிரியர் ரெமிஜியஸ் மணியடிப்பதை விட்டுவிட்டு ஓடி வந்தார். பிள்ளைகள் பரீட்சை அட்டையால் நெல்லைத் தள்ளிக் கீழே குவித்துச் சாக்குகளை நிரப்பினார்கள். இனி மூட்டைகளை வராண்டாவுக்கு ஏற்ற வேண்டும். முதல் மூட்டையிலேயே கண்ணுசாமியின் இடுப்பு பிடித்துக்கொண்டது. ரெமிஜியஸ் சார் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாரே தவிர, அது அசையவில்லை.

"என் வண்டில வச்சுத் தள்ளுங்க," என்றாள் எழில்மொழி. "நெல்லு நனைஞ்சா மொளச்சிடும். நான் மொளைக்க மாட்டேன்."

அவளைச் சைக்கிள் கொட்டகையில் உட்காரவைத்தார்கள். அம்சமும் பிள்ளைகளும் சேர்ந்து தூக்கி வைக்க, ஏழு மூட்டைகளும் ஒவ்வொன்றாக மாப்பிள்ளை ஊர்வலம்போலச் சாய்தளத்தில் ஏறி ஆறாம் வகுப்புக்குள் போய் உட்கார்ந்தன. "சாயுது சார், புடிங்க" என்று அவள் அங்கிருந்தே அதட்ட, சாரும் பிடித்தார்.

தான் வேண்டாம் என்ற சாய்தளம் தன் நெல்லைக் காப்பாற்றிவிட்டது. கண்ணுசாமியை வெட்கம் பிடுங்கித் தின்றது. துண்டால் நாற்காலியைத் துடைத்து, "பாப்பாவ நான் தள்றேன்" என்றார். இடுப்பு நிமிராததால் கைப்பிடி அவருக்குச் சரியான உயரத்தில் இருந்தது.

வகுப்பில் மூட்டைகளுக்கு நடுவே அவளுக்கு இடம் கிடைத்தது. ரெமிஜியஸ் சார் பெயரைப் படித்ததும், இத்தனை மாதம் வீட்டில் ஆட்டுக்கும் கோழிக்கும் சொல்லிப் பழகிய "உள்ளேன் ஐயா"வைக் கூரை அதிரச் சொன்னாள் எழில்மொழி. வராண்டாவில் அம்சம் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. பக்கத்துத் தெரு துரைக்கண்ணு நெல் மூட்டையோடு சாய்தளத்துக்கு வந்தார். துடைப்பமும் கையுமாகக் கண்ணுசாமி குறுக்கே நின்றார்.

"நீங்க மட்டும் காயவச்சீங்களேண்ணே?"

"நாளைக்கு வா."

"நாளைக்கு எடம் கெடைக்குமா?"

"கெடைக்கும்," என்றார் கண்ணுசாமி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "ஆனா அந்த நாளைக்கு வர்றதுக்குப் பதினோரு வருஷம் ஆகும்."