பைலிக்கு மிஞ்சிய சொல்

பக்கவாதம் வந்து பைலியின் வலது பக்கத்தை முடக்கியபோது நாக்கும் சேர்ந்து விழுந்தது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. "போடா." தண்ணீர் வேண்டுமென்றாலும் போடா, தலையணையைச் சரிசெய்யச் சொல்வதற்கும் போடா. தேவாலயப் பெருநாள் ஏலத்தில் ஒரு சேவலுக்கு விலை கூவி ஊரையே சிரிக்க வைத்த தொண்டை அது.

"இத்தனை காலம் என்னை 'போடி'ன்னாரு. இப்ப ஆம்பளையா ஏத்தி விட்டுட்டாரு" என்று பார்க்க வந்தவர்களிடம் மனைவி ரோசம்மா சொல்வாள். அவர்கள் போனதும் அடுக்களையில் நின்று அழுவாள்.

ஒரு மத்தியானம் தம்பி அவிரா வந்தான். அம்மாவின் கல்லறை மூடும் முன்பே, "இவ எப்ப சாவான்னு காத்திருந்தவன் இவன்தான்" என்று ஊர் கேட்கப் பைலி சொன்னதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அவிரா ஒரு நேந்திர வாழைக்குலையை வாசலில் இறக்கிவிட்டு, கட்டில் அருகே வந்து நின்றான்.

"சேட்டா" என்று அண்ணனைக் கூப்பிட்டான்.

"போடா" என்றான் பைலி.

அவிரா திரும்பி நடந்தான். ரோசம்மா ரப்பர் மரங்களுக்கிடையே பின்னாலேயே ஓடினாள். "அவிராச்சா, நில்லு. அவருக்கு வேற வார்த்தையே வரல. கோழியைக்கூட அப்படித்தான் சொல்றாரு."

"இது கோழிக்குச் சொன்ன மாதிரி இல்ல சேட்டத்தி. கண்ணைப் பார்த்தேன்ல."

ஜன்னல் வழியே அது பைலியின் காதில் விழுந்தது. அவிரா சொன்னது நிஜம். தம்பியைக் கண்டதும் முதலில் கிளம்பியது பழைய வெறுப்புதான். அதற்கு மட்டும் சொல் கச்சிதமாகப் பொருந்தியது. அடுத்த நொடியே மனசு இளகி, திரும்பி வா என்று கூப்பிட்டான். வாயில் வந்தது, "போடா, போடா."

வந்தவர்கள் எல்லோரும் அவனுக்காகப் பரிந்து பேசினார்கள். நினைத்தது ஒன்று, நாக்கு சொன்னது ஒன்று என்றார்கள். அப்படியில்லை என்று உறுதியாக அறிந்தவர்கள் அவனும் தெய்வமும் மட்டுமே. கர்த்தருக்கு மறைந்த நினைவு ஒன்றுமில்லை என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்தது, இத்தனை காலம் மாலைச் செபத்தில் வாய் பாட்டுக்குச் சொன்னது. இப்போது அந்த அறையில் அதைத் தவிர வேறொன்றும் இல்லை. சுவர் பக்கம் திரும்பினால் அங்கும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பற்றி நல்லதாக நினைக்கப் பார்த்தான். அது அவருக்குக் காட்டுவதற்காக நினைத்தது என்பதும் அவருக்குத் தெரியும். ஓடி ஒளிய இடமில்லை. பைலி கஞ்சியைத் துப்ப ஆரம்பித்தான்.

நிலைமை மோசமானதும் ரோசம்மா ஜின்சன் அச்சனை அழைத்து வந்தாள். இளவயதுப் பாதிரியார். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"பாவசங்கீர்த்தனம் வாயால செய்ய முடியலையேன்னு கலங்காதீங்க. நாக்குல வர்றதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரியும். உங்க மனசு அவருக்குத் தெரியும்."

பைலியின் முகம் கோணியது. இடது கையால் தலையில் அடித்துக்கொண்டான்.

"தெரியும்னுதான் பயப்படுறீங்களா?"

தலையசைத்தான்.

அச்சன் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். பிறகு அந்தக் கையைப் பிடித்து, "அப்புறம் வந்த நினைப்பும் அவருக்குத் தெரியும், பைலிச்சேட்டா" என்றார். பாவமன்னிப்பு கொடுத்து, தைலம் பூசிவிட்டுப் போனார்.

மறுநாள் பைலி வாசலைக் காட்டிக் காட்டிக் கத்தினான். தெய்வத்துக்குத் தெரிந்தது தம்பிக்குத் தெரியாதே. தம்பி வீட்டுக்குத்தான் என்று புரிந்துகொண்டு ரோசம்மா ஆட்டோ பிடித்து வந்தாள்.

அவிராவின் வீட்டு முற்றத்தில் ஆட்டோ நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. அவிரா குடையோடு வந்தான். ஆட்டோவுக்குள் குனிந்தான்.

"ஒண்ணு கேக்குறேன். வாயைத் திறக்க வேணாம், தலையை ஆட்டுங்க. அன்னைக்கு என்னைப் போடான்னு மனசறிஞ்சுதான் சொன்னீங்களா?"

"இல்லன்னு காட்டுங்க" என்று ரோசம்மா முழங்கையால் இடித்தாள். "இல்லன்னு ஆட்டுங்களேன், என் பொன்னு."

இல்லை என்றால் தம்பி நம்பிவிடுவான் என்று பைலிக்குத் தெரிந்தது. உதட்டை இறுக மூடிக்கொண்டு, ஆமாம் என்று தலையசைத்தான்.

ரோசம்மா முகத்தை மூடிக்கொண்டாள். அவிரா திரும்பி நடந்தான். பைலி வெளியே எட்டி, "போடா, போடா, போடா" என்று அலறினான். எச்சில் வழிந்தது, பிடி நழுவி முற்றத்துச் சேற்றில் விழுந்தான்.

அவிரா ஓடி வந்து தூக்கினான். குடை எங்கோ போயிற்று. "நான் மட்டும் என்ன" என்றான், மூச்சு வாங்க. "இந்த வாய் அடங்கிக் கிடக்கிறதைப் பாக்கத்தான் குலையோட வந்தேன். வேற எதுக்கும் இல்ல." துண்டால் அண்ணனின் வாயைத் துடைத்தான். அப்படியே வீட்டுக்குள் தூக்கிப் போனான்.

பைலி அங்கே அரைக்கிண்ணம் கஞ்சி குடித்தான். ஈஸ்டர் முடிந்து சில நாள்வரை உயிரோடு இருந்தான். வேறு சொல் கடைசிவரை வரவில்லை. அவிரா அண்ணன் வீட்டுக்கு அடிக்கடி வந்தான், எல்லா நாளும் இல்லை. சில நாள் இருவருக்கும் முகம் கொடுக்க முடியாமல், ஒருவர் சுவரையும் ஒருவர் ஜன்னலையும் பார்த்தபடி சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்கள்.