வாசல் வரை ஒரு சாய்தளம்

“படி இருந்தா என்ன, நான் தூக்கிட்டுப் போக மாட்டேனா?”

அவளுக்குக் கால்கள் செயலிழந்த புதிதில் கணவர் அப்படிக் கேட்டபோது, “நீங்க இருக்கும்போது எனக்கென்ன குறை?” என்று சிரித்திருந்தாள். அதன்பிறகு அவர் வேலை முடிந்து வரும்வரை அவளுக்கு வாசல் ஏது? வேறு வழி கேட்டால் அவர் அன்பைக் குறைசொன்னதாகிவிடுமோ என்று வாயைத் திறக்கவில்லை.

இன்று அவர் பொறியாளராக இருக்கும் அருங்காட்சியகத்தில் சாய்தளத் திறப்புவிழா. சரிவு சரியா என்று அவளை ஏற்றி இறக்கித்தான் பார்த்திருந்தார். சக்கர நாற்காலியைத் தானே உருட்டி மேலேறினாள். கைதட்டல் காதைப் பிளந்தது.

“ஊருக்கே வழி போட்டுட்டாரு எங்கண்ணன். குடுத்து வெச்சவங்க அண்ணி நீங்க,” என்றாள் நாத்தனார்.

கணவர் மைக்கை நீட்டினார். “நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லும்மா.”

காலையில் வீட்டுப் படியில் அவர் தோளில் மூட்டைபோல் இறங்கியது இன்னும் இடுப்பில் வலித்தது.

“நம்ம வீட்டு வாசல்லயும் இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க,” என்றாள்.