பத்தியம் விட்ட நாள்

டாக்டரின் அறையிலிருந்து வெளியே வந்த உபைதுல்லா, மனைவி உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு நேராகப் போகவில்லை. வராந்தாக் கோடியில் இருந்த குழாயில் முகத்தைக் கழுவி, தோள் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்ட பிறகுதான் அவளிடம் போனார்.

"என்ன சொன்னாரு?" என்று அக்தர் பேகம் கேட்டாள்.

"பரவால்லன்னாரு. இதே மாதிரி பத்தியமா இருக்கச் சொன்னாரு."

டாக்டர் சொன்னது அதற்கு நேர் எதிர். சிறுநீரகம் இரண்டும் கெட்டு, சிவகாசியிலிருந்து விருதுநகருக்கு வந்து வந்து டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவளின் இதயம் மிகவும் தளர்ந்துபோயிருந்தது. மெஷினைத் தாங்கும் வலு இனி அதற்கு இல்லை. "முடியிற வரைக்கும் செய்வோம் பாய். ஆனா இனிமே அதைத் தின்னாதே, இதைத் தின்னாதேன்னு அவங்கள வாட்டாதீங்க. ஆசைப்பட்டதைக் குடுங்க" என்றார். இளவயது டாக்டர். சொல்லி முடித்ததும் மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து அதன் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

உபைதுல்லாவுக்குச் சிவகாசியில் சின்னக் கடை. பட்டாசுக் கம்பெனிகளுக்குச் சணலும் கோந்தும் காகிதக் குழாயும் சப்ளை செய்வார். அதிகம் பேசாத மனிதர். மனைவி நோயில் படுத்ததும் அவளுடைய பத்தியத்தை அவரே கையில் எடுத்துக்கொண்டார். ஆகாத உப்புகள் இறங்கிப்போக, காயை நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. வாழைப்பழம், இளநீர், தக்காளி, கடலை எதுவும் வாசல்படி தாண்டாது. குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. கோடையில் அவள் நாக்கால் உதட்டைத் தடவிக்கொள்வதைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

அக்தர் பேகம் எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை, கடலை ரொட்டியைத் தவிர. அது அவளுடைய தாய்வீடான காரியாபட்டியிலிருந்து அவளோடு வந்தது. கோதுமை மாவில் கருப்பட்டிப் பாகும் முட்டையும் நெய்யும் விட்டுக் குழைத்து, வறுத்து உடைத்த நிலக்கடலையைக் கைநிறைய அள்ளிப்போட்டு, பாத்திரத்தோடு மணல் பரப்பிய கனத்த சட்டிக்குள் வைத்து மூடிச் சுடுவாள். கேக் போல மெத்தென்றும் இருக்காது, பிஸ்கட் போல நொறுங்கவும் செய்யாது. பெருநாள், மழை, மகளுக்குப் பரீட்சை முடிந்தது என்று ஏதாவது ஒரு சாக்குக் கிடைத்தால் போதும். நோய் வந்ததிலிருந்து சட்டி பரணில் கிடந்தது.

"ஒரு துண்டு தின்னா செத்தா போயிருவேன்?" என்று அவ்வப்போது சிரித்துக்கொண்டே கேட்பாள்.

"ஆமா, செத்துத்தான் போவ" என்று அவரும் சொல்வார். அது இருவருக்குள்ளும் ஒரு விளையாட்டாகவே ஆகியிருந்தது.

அன்று திரும்புகிற பஸ்ஸில், ஜன்னல் ஓரம் சாய்ந்திருந்தவள் கேட்டாள்: "அதான் பரவால்லன்னுட்டாருல்ல. ஒரு ரொட்டி சுடுவமா?"

பழைய பதில் அவருடைய நாக்கு வரை வந்து நின்றுவிட்டது. "வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

சென்னையில் இருக்கும் மகள் நசிமாவிடம் போனில் விஷயத்தைச் சொன்னார். அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு, "அம்மா கேக்குறதைச் செஞ்சு குடுங்க அத்தா. பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் நான் வந்துர்றேன்" என்றாள்.

"குடுக்கலாம்த்தா. குடுத்தா, டாக்டர் என்ன சொன்னாருன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோயிருமே."



ஆகவே அவர் பழையபடியே கண்டிப்பாக இருந்தார். காயை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினார். குழம்பில் உப்பைக் குறைத்தார். பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகிறவள், மல்லாங்கிணற்றில் இருக்கும் தம்பி வீட்டிலிருந்து வந்த கடலையில் ஒரு பை கொண்டுவந்து நீட்டியபோது, "இங்க எதுக்குத்தா? இவ பாத்தா கேப்பா" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்.

"நீங்க தின்னுங்க பாய். நீங்களும் எலும்பும் தோலுமாத்தான் இருக்கீக" என்று சண்முகத்தாய் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள். பையை அவர் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

ஒரு மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வந்தவர், அக்தர் பேகம் சமையல்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டார். பானையிலிருந்து மொண்ட டம்ளர் வாயருகில் இருந்தது. "ஏய்!" என்று கத்தியபடி ஓடிப்போய் அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கினார். தண்ணீர் அவளுடைய சேலையிலும் தரையிலும் கொட்டியது. அவள் ஈரமான முந்தானையைப் பிழியக்கூடச் செய்யாமல் அப்படியே கட்டிலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வெறும் டம்ளரோடு உபைதுல்லா நின்றார். குடித்தால் குடித்துவிட்டுப் போகட்டும் என்று டாக்டரே சொல்லிவிட்ட தண்ணீர். எதற்காகப் பிடுங்கினோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அன்று அவர் சோற்றில் கை வைக்கவில்லை.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்த பையை எடுத்து, கொஞ்சம் கடலையை உரித்து, நிறையத் தண்ணீர் விட்டு அடுப்பில் வேகவைத்தார். வாசனை கூடத்துக்குப் போனதும் அக்தர் பேகம் மெல்ல எழுந்து வந்து சமையல்கட்டு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"என்ன செய்யிறீக?"

"ரொட்டி சுடப்போறேன். காயை மாதிரியே கடலையையும் அவிச்சுத் தண்ணிய ஊத்திட்டா கெடுதல் பூராம் போயிருமாம். டாக்டர்தான் சொன்னாரு." ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய் அது.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவிச்ச கடலையப் போட்டா களி மாதிரி ஆயிரும். அதைக் கீழ ஊத்துங்க. நல்ல கடலையா எடுத்து வறுங்க."

"இல்ல அக்தரு, வறுத்தா உனக்கு..."

"எனக்குத் தெரியும்ங்க."

அடுப்பில் கொதி அடங்கவில்லை. அவர் கரண்டியோடு திரும்பினார்.

"என்ன தெரியும்?"

"மெஷின் போடுற நர்ஸ் பிள்ள, தண்ணி குடிச்சு வெயிட் கொஞ்சம் கூடியிருந்தாலும் என்னைய அம்புட்டு ஏசும்ல? நீங்க டாக்டரப் பாத்துட்டு வந்த நாள்ல இருந்து அது ஏசலைங்க. போன தடவை நல்லாவே கூடியிருந்துச்சு. என் தலையத் தடவிட்டுப் போயிருச்சு." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அன்னைக்கே புரிஞ்சுபோச்சு. நீங்கதான் பாவம், டம்ளரைப் புடுங்கிக்கிட்டு அலையிறீக."

உபைதுல்லா அடுப்பை அணைத்தார். அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து, துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அழுது முடிக்கும் வரை அவள் அவருடைய தலையில் கை வைத்திருந்தாள்.

"சொல்லியிருக்கலாம்ல" என்றார் அவர்.

"நீங்களும்தான் சொல்லியிருக்கலாம். சரி, எந்திரிங்க. முதல்ல எனக்கு ஒரு சொம்பு தண்ணி குடுங்க."

அவர் மொண்டு கொடுத்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தொண்டை ஏறி இறங்க அவள் குடித்தாள். பாதிக்கு மேல் முடியவில்லை. மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சட்டிய எடுங்க" என்றாள்.

பரணிலிருந்து சட்டியை இறக்கினார். கொல்லையில் கொட்டிக்கிடந்த மணலைச் சலித்து அதில் பரப்பி, அடுப்பில் சூடேற்றினார். கடலையை வறுத்தார். அவள் நாற்காலியில் இருந்தபடியே சொல்லச் சொல்ல, உள்ளங்கையில் தேய்த்துத் தோலை ஊதினார். தோல் பறந்து அவள் மடியில் விழுந்தது.

"பொடியாக்கிறாதீக. ஒண்ணு ரெண்டா ஒடைங்க. பல்லுல அம்புடணும்."

பாகு வடிகட்டும்போது கையைச் சுட்டுக்கொண்டார். முட்டை உடைக்கும்போது ஓடு உள்ளே விழுந்தது. சுக்கையும் ஏலக்காயையும் எவ்வளவு போடுவது என்று கேட்டதற்கு, "அதெல்லாம் அளந்தா போடுவாக? அள்ளுங்க, சொல்றேன்" என்றாள். அவர் அள்ளிக் காட்டினார். "கூட" என்றாள். "இன்னும் கொஞ்சம்" என்றாள். ஆப்பசோடா போட்டதும் மாவு நுரைத்து மேலே வர, அவர் பயந்து பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து அவள் சிரித்தாள். அது இருமலில் முடிந்தது.

ரொட்டி வேகிற நேரம் முழுவதும் இருவரும் அங்கேயே இருந்தார்கள். முதலில் கருப்பட்டி வாசம் எழுந்தது, பிறகு நெய், அதற்குப் பிறகு கடலை. இந்தச் சேலையை இன்னார் உடுத்த வேண்டும், வளையலை நசிமாவின் மகளுக்குக் கொடுக்க வேண்டும், காரியாபட்டி வேண்டாம், இந்த ஊரிலேயே அடக்கம் செய்யுங்கள் என்று, கடைக்குச் சாமான் சொல்வதுபோல அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

ரொட்டி நடுவில் வெடித்து, அடியில் கொஞ்சம் கருகி வந்தது. ஆறும் வரை பொறுக்காமல் அவர் விண்டு ஒரு துண்டை அவள் வாயில் வைத்தார். அவள் மென்றாள். வெகுநேரம் மென்றாள். பிறகு முகம் மாறியது. கையில் துப்பிவிட்டு, "இரும்பை நக்குன மாதிரி இருக்குங்க. நாக்கு செத்துப்போச்சு" என்றாள்.

அவர் துண்டால் அவள் கையைத் துடைத்துவிட்டார்.

"நீங்க தின்னுங்க. தின்னுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி அறியாதவர் உபைதுல்லா. பிடித்திருந்தால் இன்னொரு முறை வாங்கிச் சாப்பிடுவார், அவ்வளவுதான். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்லாருக்கு" என்றார்.

"நல்லாருக்குன்னா எப்படி? சுக்கு தெரியுதா?"

"தெரியுது. தொண்டைக்குப் போறப்ப லேசா உறைக்குது." அவர் மறுபடி மென்றார். "கடலை நல்லா கடிபடுது. கருப்பட்டி முதல்ல தெரியல, கடைசிலதான் வருது. அடி கருகுன எடத்துல கொஞ்சம் கசப்பு. ஆனா அந்தக் கசப்பும் நல்லாத்தான் இருக்கு. உள்ள ஈரமா, சூடா இருக்கு. நெய் உதட்டுல ஒட்டுது."

அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள். "இன்னும் ஒரு வாய் போடுங்க."

அவர் தின்றார், சொன்னார். கண்ணீர் வழிய வழிய, துடைக்காமல், அவள் போதும் என்கிற வரை சொன்னார். சாயந்திரம் வேலை முடிந்து வந்த சண்முகத்தாய்க்குப் பாதி ரொட்டியைக் கொடுத்தனுப்பச் சொன்னாள் அக்தர் பேகம்.

அதன்பிறகு அவள் நிறைய நாள் இருக்கவில்லை. நசிமா லீவுக்குக் காத்திராமல் பிள்ளைகளோடு வந்துசேர்ந்தாள். மகளும் தாயும் பேசிக்கொள்ள வேண்டியதைப் பேசிக்கொண்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை, மகள் அவளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருக்கும்போதே அக்தர் பேகத்தின் மூச்சு நின்றது. அவள் கேட்டபடியே ஊர்க் கபர்ஸ்தானில் அடக்கம் செய்தார்கள். கூட்டத்தில் பட்டாசுக் கம்பெனி ஆட்களும் இருந்தார்கள். வாசலில் சண்முகத்தாய், வேலைக்குப் போகாமல், வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் போன பிறகு ஒரு நாள், வீட்டில் மிஞ்சிக் கிடந்த மருந்துகளைப் பையில் போட்டுக்கொண்டு உபைதுல்லா விருதுநகருக்குப் போனார். இல்லாதவர்களுக்குக் கொடுங்கள் என்று நர்ஸிடம் ஒப்படைத்தார். அக்தர் பேகம் படுத்த கட்டிலில் வேறொரு பெண் படுத்திருந்தாள். சின்ன வயது. முதல் தடவை போலிருந்தது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அவளுடைய கணவன், குழாயில் ரத்தம் ஓடுவதைப் பார்க்க முடியாமல் உபைதுல்லாவின் பக்கம் திரும்பினான்.

"அய்யா, இது முடிய எம்புட்டு நேரம் ஆகும்?"

"மத்தியானம் ஆயிரும்ப்பா."

"கூட யாரும் வரல. எனக்குப் படபடன்னு வருது. உங்க வீட்டு ஆளுக எந்தக் கட்டில்ல இருக்காக?"

உபைதுல்லா அந்தக் கட்டிலைப் பார்த்தார். பிறகு ஓரத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்து அவனுக்குப் போட்டார்.

"நீ உக்காருப்பா. முடியிற வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்."