முன் சீட்டு

குன்சுலுவுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது கொழுந்தன் கார் வாங்கிய அன்றைக்கல்ல. அந்தக் காரின் முன் சீட்டில் ஓரகத்தி ஏறி உட்கார்ந்த நிமிடத்தில்தான்.

கார் வாங்கியதை அவள் ஓரளவு தாங்கிக்கொண்டாள் என்றே சொல்ல வேண்டும். நவ்ரிஸ் வசந்தப் பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு, அல்மாட்டி நகரில் கொழுந்தன் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டு முற்றத்தில் அந்த வெள்ளைக் கார் வந்து நின்றது. மாமனாரின் தங்கை உல்தாய் அத்தை, மாமியார் இல்லாத குறை இந்தக் குடும்பத்துக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறவள், இரண்டு கையாலும் மிட்டாயை வாரிக் கார்மேல் இறைத்தாள். முற்றத்துப் பிள்ளைகள் விழுந்தடித்துப் பொறுக்கினார்கள். புதுப் பொருளை வெறுங்கையோடு பார்க்கக் கூடாதல்லவா, குன்சுலுவும் நல்ல கம்பளி விரிப்பு ஒன்றைப் பின் சீட்டில் வைத்து, "நல்லபடியா ஓடட்டும்" என்றாள். முகத்தில் சிரிப்பு சரியான அளவில் இருந்தது.

மேலே விருந்தில் எல்லாம் முறைப்படியே நடந்தது. வாசலுக்கு நேரெதிரே சுவரோரம் இருக்கும் பெரியவர்கள் இடம், தோர், அதில் அத்தை. அத்தைக்கு அடுத்து மூத்த மருமகள் குன்சுலு. இளையவள் தொல்கின் வாசலோரம் உட்கார்ந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். தொல்கின் மருமகளாக வந்த ஐந்து வருஷமாக இந்த வரிசை மாறியதில்லை.

விருந்து முடிந்தது. மிஞ்சிய குதிரைக்கறியையும் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டியையும் பொட்டலம் கட்டி, வீட்டுக்கு எடுத்துப் போகும் சர்கித் என்று குன்சுலுவின் கையில் கொடுத்தார்கள். எப்போதும் அந்தப் பையோடு பஸ்ஸில் போனால் கறி வாசனைக்குப் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். அன்று கொழுந்தன் சாவியை ஆட்டிக்கொண்டு, "வாங்க அண்ணி, கொண்டுபோய் விடறேன்" என்றான். கணவனின் தம்பியை மருமகள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவன் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது குன்சுலு அவனுக்கு வைத்த பெயர் குட்டிராஜா. இப்போது ராஜாவுக்குத் தேர் வந்துவிட்டது.

கீழே வந்ததும் தொல்கின் நேராகப் போய் முன் கதவைத் திறந்தாள்.

"எனக்குப் பின்னாடி உக்காந்தா குமட்டுது அக்கா. தப்பா நெனச்சுக்காதீங்க."

போன கோடையில் ஏரிக்கரைக்குப் போன பஸ்ஸில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வழியெல்லாம் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு வந்தவளுக்கு இப்போது குமட்டுகிறதாம். ஜன்னலோரம் மகள் பிடித்துக்கொண்டாள், இன்னொரு ஜன்னலோரம் கணவன் பெய்பித். நடுவில் கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு மூத்த மருமகள். முன்னால் இருந்த கண்ணாடியிலிருந்து கண் போல வரைந்த ஒரு நீலக் கண்மணி தொங்கியது. கண் படாமலிருக்க எல்லோரும் மாட்டுவதுதான். வண்டி திரும்பும்போதெல்லாம் அது பின் சீட்டைப் பார்த்து ஆடியது.

"பின்னாடி சௌகரியமா இருக்கா அக்கா?" என்றாள் தொல்கின், பாதி தலையைத் திருப்பி.

"ரொம்ப" என்றாள் குன்சுலு.

வீட்டுக்குள் நுழைந்து பையை மேஜையில் வைக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"வீட்டுல எனக்குத் தோர்ல இடம். காருல? சமையக்காரி மாதிரி பின்னாடி உக்கார வெச்சுக் கொண்டுவராங்க."

பெய்பித் சட்டையைக் கழற்றிக்கொண்டே யோசித்தான். அவன் மெட்ரோவில் நகரும் படிக்கட்டுகளைப் பழுது பார்க்கிறவன். எதையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவான்.

"தோர்னா என்ன, கதவுக்கு ரொம்ப தூரத்துல இருக்கற எடம். காருல நாலு சீட்டுக்கும் பக்கத்துலயே கதவு. நடுவுல உக்காந்த பாரு, அதான் ரெண்டு கதவுக்கும் தூரம். தோர் உனக்குத்தான் கெடச்சிருக்கு."

"நக்கலா?"

"கணக்கு."

"நமக்கும் ஒரு கார் வேணும்."

"எதுக்கு? மெட்ரோ வாசல் ரெண்டு நிமிஷம். பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். சந்தை அடுத்த ஸ்டேஷன். காரை எடுத்து நிறுத்தறதுக்கு எடம் தேடற நேரத்துல நான் வேலைக்கே போய்ச் சேந்துடுவேன்."

இவ்வளவும் உண்மை. உண்மையாக இருந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். இன்னொரு உண்மையும் இருந்தது. பெய்பித்துக்கு இடப்பக்கக் கடைவாய்ப் பற்கள் ஒன்றுகூட இல்லை. விருந்துகளில் கறித்தட்டைக் கையோடு அடுத்தவருக்குத் தள்ளிவிட்டு, ரொட்டியைத் தேநீரில் நனைத்து வலப்பக்கமாக மெல்லுவான். பல் கட்டுவதற்காக இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்து, மே மாதத்துக்கு டாக்டரிடம் நாளும் வாங்கியாகிவிட்டது. கார் என்றால் முதலில் கட்டும் தொகைக்கு அந்தப் பணத்தில்தான் கை வைக்க வேண்டும். ஆக, பல்லா காரா என்பதுதான் கேள்வி.

பெய்பித் சண்டை போடவில்லை. ஒரு காலி ஊறுகாய் பாட்டிலையும் ஒரு கிண்ணம் வெள்ளை அவரைக்கொட்டையையும் எடுத்து வந்து அடுப்பு மேடையில் வைத்தான்.

"ஒரு மாசம் பாப்போம். கார் இல்லாம நெஜமாவே முடியலன்னு தோணுற ஒவ்வொரு தடவையும் ஒரு கொட்டை போடு. குறி சொல்றவங்க நாப்பத்தோரு கொட்டைய வெச்சு ஊர் தலையெழுத்தையே சொல்றாங்க. நம்ம தலையெழுத்தையும் இதுவே சொல்லட்டும்."

குன்சுலு முதல் வாரம் நேர்மையாகத்தான் இருந்தாள். மாவு மூட்டை வாங்கிய அன்று மழை பிடித்துக்கொண்டது, ஒரு கொட்டை. அதோடு சரி. பாட்டிலின் அடியில் அது தனியாகக் கிடந்தது.

இரண்டாவது வாரம் தொல்கின் மலையடிவாரத்திலிருந்து படம் அனுப்பினாள், கார் கதவில் சாய்ந்துகொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு. குன்சுலு மூன்று கொட்டை போட்டாள். சந்தை வாசலில் அவள் முட்டைக்கோஸ் பையோடு நிற்கும்போது அந்த வெள்ளைக் கார் ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. நிற்க இடமில்லாமல்தான் போனார்கள், கையும் காட்டினார்கள். அதற்கு நாலு. முன் சீட்டில் தான் உட்கார்ந்திருப்பதாகக் கனவு கண்டு, விழித்துப் பார்த்தால் இல்லை, அதற்கு இரண்டு. தொல்கினைப் பற்றி ஒரு செய்தியும் வராத நாட்களில், செய்தி வராத அளவுக்கு எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறாளோ என்று நினைத்து ஒன்று.

தனக்குப் பொறாமை என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தால் மட்டும் நின்றுவிடுமா. அடுப்படிக்குப் போகும்போதெல்லாம் கை கிண்ணத்துக்குப் போனது. மாதக் கடைசியில் கொட்டை பாட்டிலின் கழுத்துவரை வந்துவிட்டது.

பெய்பித் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். எண்ணவில்லை. எதெது எதற்கு என்று கேட்பான், மாட்டிக்கொள்வோம் என்று குன்சுலு பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். அவன் கேட்கவில்லை.

"வாங்கிடலாம்" என்றான். "திங்கக்கெழம போய்ப் பணம் கட்டிடறேன்."

"பல்லு?"

"ஸ்டியரிங்கைக் கடிச்சா ஓட்டப்போறேன்?"

ஜெயித்துவிட்டாள். ஆனால் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, அதனால் கொஞ்சம் சப்பென்றும் இருந்தது. போகட்டும், திங்கள் வருகிறது.

திங்களுக்கு முன்னால் ஞாயிறு வந்தது. உல்தாய் அத்தையின் சம்பந்தி வீட்டில், பக்கத்து ஊரான எசிக்கில், விருந்து. ஐந்து பேரும் கொழுந்தனின் காரில் போவதென்று பேச்சு. மகளுக்குப் பரீட்சை, வரவில்லை. குன்சுலு காலையிலேயே முடிவு செய்துகொண்டாள், சொந்தக் கார் வருவதற்குள் ஒரு தடவையாவது இவளைப் பின்னால் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்.

தொல்கின் முன் கதவில் கை வைத்தபோது குன்சுலு நல்ல பிள்ளையாகச் சொன்னாள். "அத்தை முன்னாடி உக்காரட்டும் தொல்கின். பெரியவங்க இருக்கும்போது நாம முன்னாடி உக்கார்றது நல்லாவா இருக்கு?"

தொல்கின் கணவனைப் பார்த்தாள். அவன் அத்தையைப் பார்த்தான். அத்தை தன் கைப்பையின் பூட்டைப் பார்த்தாள்.

"எனக்கு எங்க உக்காந்தா என்ன" என்றாள் அத்தை. "நான் பின்னாடியே..."

"அதெப்படி? சம்பந்தி வீட்டு வாசல்ல நீங்க பின்னாலருந்து எறங்கினா என்ன நெனைப்பாங்க அத்தை?"

மரியாதை என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் எங்கள் மனிதர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அத்தை முன்னால் ஏறினாள். பின்னால் ஒரு பக்கம் பெய்பித், இன்னொரு பக்கம் தொல்கின். குன்சுலு தானாகவே நடுவில் உட்கார்ந்தாள். அன்றைக்கு மட்டும் நடு சீட்டு அவளுக்கு இனித்தது.

ஊரைத் தாண்டியதும் தொல்கினின் உதடு வெளுத்தது. ஜன்னலை இறக்கினாள். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். நன்றாக நடிக்கிறாள் என்று குன்சுலு நினைத்தாள். குட்டிராஜா கண்ணாடியில் நிமிடத்துக்கு ஒரு தடவை மனைவியைப் பார்த்தான். அதையும் குன்சுலு கவனித்தாள். அவளுடைய கணவன் அவளை அப்படிப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறதென்று கணக்குப் போட்டாள்.

"நிறுத்துங்க" என்றாள் தொல்கின்.

ஆப்பிள் தோட்டத்து ஓரம் வண்டி நின்றது. தொல்கின் இறங்கி நாலடி ஓடி, குனிந்து, குடல் வெளியே வருவது போல வாந்தி எடுத்தாள். முழங்கால் வலி என்று மாடிப்படிக்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும் அத்தை, கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தாள்.

"மெதுவாடி, மெதுவா. குனியாதே ரொம்ப. ரெண்டு உசிரு..."

சொன்ன பிறகுதான் பின்னால் குன்சுலு நிற்பது அத்தைக்குத் தெரிந்தது. எல்லோரும் ஒரே சமயத்தில் குன்சுலுவைப் பார்த்தார்கள். தொல்கின் வாயைத் துடைத்துக்கொண்டு, கோட்டை இழுத்து வயிற்றை மூடினாள்.

"எத்தனை மாசம்?" என்றாள் குன்சுலு.

"மூணு முடியப்போவுது" என்றாள் அத்தை.

"எங்கிட்ட மட்டும் சொல்லலையா?"

அத்தை அவள் கையைப் பிடித்துச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனாள். "கோவிச்சுக்காதே. போன வருஷம் இவ முழுகாம இருக்கான்னு சொன்னப்ப, எல்லார் முன்னாடியும் 'எனக்குப் பொறாமையா இருக்குடி'ன்னு சொன்னியே. பத்தாம் நாள் கலைஞ்சுது. நீ சிரிச்சுக்கிட்டுதான் சொன்னே, நானும் பாத்தேன். ஆனா பயம்னு ஒண்ணு இருக்கில்ல. நான்தான் சொல்ல வேணாம்னேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பொய் சொல்லவில்லை. மகளுக்குப் பிறகு இன்னொரு குழந்தை வேண்டும் என்று அவள் காத்திருந்ததும் வராமல் போனதும் அவளுக்கும் பெய்பித்துக்கும் மட்டும் தெரியும். குன்சுலுவுக்கு முகம் சுட்டது. அத்தை தொல்கினிடம் திரும்பிப் போனாள். பெய்பித் ஒரு தண்ணீர்ப் பாட்டிலோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் அவள்.

"தம்பி சொன்னான். கார் வாங்கினதே அதுக்குத்தான். பஸ்ல இடிபட்டுப் போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்களாம்."

"அப்ப நம்ம கார் எதுக்கு? பாட்டில் நிறைஞ்சுதுன்னுதானே ஒத்துக்கிட்டீங்க?"

பெய்பித் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகினான், மறுபடி மூடினான். "நம்ம வீட்டுல ஒரு கொட்டைக்குத்தான் வேலை இருந்துச்சு. மிச்சமெல்லாம் நீ எதுக்குப் போட்டேன்னு எனக்குத் தெரியாதா? பாட்டிலப் பாத்ததும் எனக்கே பயமாயிடுச்சு, குன்சுலு. நமக்குன்னு ஒரு கார் வந்துட்டா உன் கண்ணு அந்தப் பக்கம் போகாதுன்னு நெனச்சேன். பல்லு போனாப் போகுது, கொழந்த தங்கட்டும்னு."

அவளுக்குக் கோபம் வந்தது. தன்னை விட்டுவிட்டு இந்த நாலு பேரும் ஒரு ரகசியத்தை இத்தனை நாளாகப் பங்கு போட்டிருக்கிறார்கள், அதுகூட எரிந்தது. அந்த எரிச்சலை அவளே பார்த்தாள், இவ்வளவுக்குப் பிறகும் அது அங்கேயே உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

"நாளைக்குப் பணம் கட்ட வேணாம்" என்றாள். "பல்லு டாக்டரப் போய்ப் பாருங்க."

காருக்குத் திரும்பி முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "ஏறு தொல்கின்." தொல்கின் தயங்கினாள். "ஏறுடி" என்றாள் மறுபடி. அத்தை பின்னால் வந்து ஏறிக்கொண்டாள். குன்சுலு நடுவில் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பியது. கண்ணாடியில் அந்த நீலக் கண்மணி அவளைப் பார்த்து ஆட ஆரம்பித்தது. யார் கண்ணுக்காக அதை மாட்டினார்கள் என்று இப்போது அவளுக்குத் தெரியும். அதற்குக் கீழே தொல்கினின் தோள், தோளுக்குக் கீழே அவள் வயிற்றின்மேல் வைத்திருந்த கை. குன்சுலு கண்ணை மூடிக்கொண்டாள்.

"தூக்கமா?" என்றாள் அத்தை.

"ஆமா அத்தை."

வழியெல்லாம் ஆப்பிள் மரங்கள் பூத்திருக்கின்றன என்று மற்றவர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். எசிக் நெருங்கும்போது முன்னாலிருந்து தொல்கினின் குரல் மெதுவாகக் கேட்டது.

"பின்னாடி சௌகரியமா இருக்கா அக்கா?"

"இருக்கு" என்றாள் குன்சுலு, கண்ணைத் திறக்காமல்.