பன்னிரண்டாவது டேக்

காலை ஆறு நாற்பதுக்கு எங்கள் வாசற்கதவின் மேல் கண்ணாடி வழியாக வெயில் இறங்கி, செருப்பு அலமாரிக்கு முன்னால் ஒரு தலையணை அளவுக்கு விழும். ஏழு மணிக்குப் போய்விடும். அந்த இருபது நிமிடத்துக்குள் என் படத்தின் தொடக்கத்தை எடுத்தாக வேண்டும்.

திரைப்படக் கல்லூரியில் எனக்கு இரண்டாம் ஆண்டு. முழுநீளப் படம் ஒன்றின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும். பிறகு அதை ஏன் அப்படி எடுத்தோம் என்று நான்கு பக்கம் எழுத வேண்டும். இரண்டையும் கொடுத்துவிட்டேன். நான்கு பக்கத்தில் எழுதாதது இது.

ஒரு சிறுமி வளர்ந்து ஆளாகும் கதை. பள்ளிக்குக் கிளம்புகிறவளுக்கு அப்பா ஷூ லேஸ் கட்டிவிடுகிறார். வலது காலை முடிக்கிறார். இடது காலுக்கு வரும்போது அவள் காலை இழுத்துக்கொள்கிறாள். தானே கட்டுகிறாள். அப்பாவின் கை எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நிற்கிறது. அவள் போகிறாள். வசனம் கிடையாது.

ஒரு விதி வைத்திருந்தேன். படத்தில் பெரியவர்கள் யாருக்கும் முகம் இருக்காது. கேமரா தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் எழாது. கை, கால், சட்டை விளிம்பு, அவ்வளவுதான். எங்கள் பேராசிரியை கேட்டுவிட்டு, விதி வைத்தால் கடைசி வரை அதற்கு உண்மையாக இரு என்றார்.

சிறுமியாக என் தங்கை. பத்து வயது. அப்பாவாக அப்பா. கேமராவுக்கு என் வகுப்புத் தோழன் ஒருவன். தூங்கும்போதுகூடப் பையில் லைட் மீட்டர் வைத்திருப்பான் என்பதால் அவனுக்குப் பெயர் மீட்டர்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். இருட்டுக் குழிக்குள் வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு வேலை செய்கிறவர். வலது கட்டைவிரல் நகம் கறுத்திருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கதவில் மாட்டியது. நடிக்கக் கேட்டபோது, எட்டு மணிக்கு டூட்டி இருக்கிறதே என்று மட்டும் சொன்னார். முந்தைய நாள் மாலை முடி வெட்டிக்கொண்டு, மீசைக்கு மை போட்டுக்கொண்டு வந்து நின்றார். அம்மா நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட உங்கப்பா இவ்வளவு நேரம் கண்ணாடி முன்னாடி நின்னதில்ல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். முகம் வராது, மீசை வராது என்று. வாய் வரை வந்தது. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். காலையில் வெயிலைத் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லை.

அம்மாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் பாக்கிங் வேலை. ஐந்து மணிக்கே போய்விடுவாள். படம் எடுத்தபோது அவள் வீட்டில் இல்லை.

முதல் டேக்கிலேயே சிக்கல். அப்பாவின் மூக்குக்கண்ணாடியில் வெயில் பட்டு, ஷூவின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி ஓடியது. கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். கண்ணாடி இல்லாமல் அவருக்கு லேஸ் தெரியவில்லை. தெரியாததால் குனிந்தார். குனிந்ததும் முகம் ஃபிரேமுக்குள் வந்தது.

கட் என்றேன்.

கல்லூரியில் இரண்டு குழுவுக்கு ஒரு மெமரி கார்டு. எங்கள் கையில் வந்ததில் பாதிக்கு மேல் அடுத்த குழுவின் காட்சிகள். அவற்றைத் தொடக் கூடாது. மிச்ச இடத்தில் எங்கள் படம் முழுவதும் அடங்க வேண்டும். அதனால் கெட்டுப்போன டேக்கை அங்கேயே அழித்துவிட்டு அடுத்ததற்குப் போனோம். போனோம் என்ன, போனேன். அப்புறம் பார்த்து அழிக்கலாமே என்று மீட்டர் ஒரு தடவை சொன்னான். நான் அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிப் பொத்தானை அமுக்கினேன்.

இரண்டாவதிலும் குனிந்தார். மூன்றாவதில் தங்கையின் காலுறை சுருங்கியிருப்பதைப் பார்த்து இழுத்துவிட்டார். நான்காவதில் நிமிர்ந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தே விட்டார். தங்கையும் சிரித்தாள். மீட்டரும் சிரித்தான். நான் அழித்தேன். ஐந்தாவதில் மூக்கு நுனி மட்டும். அதையும் அழித்தேன்.

"லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்ககூட என்னை இப்படி அதட்டினதில்ல, டைரக்டரம்மா."

ஏழாவதில் என்ன செய்தார் என்று நினைவில்லை. ஒன்பதிலும் நினைவில்லை. யோசித்துப் பார்த்தாயிற்று.

பதினொன்றாவது முடிந்தபோது வெயில் அலமாரியின் காலைத் தாண்டியிருந்தது. இன்னும் ஒரு தடவைக்குத்தான் நேரம். அப்பா தரையிலிருந்து எழாமலே என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி இல்லாத கண் சின்னதாக இருந்தது.

"அப்பா, உங்க முகம் எனக்கு வேணாம்" என்றேன். "கை மட்டும் போதும்."

"சரிம்மா."

பன்னிரண்டாவது டேக்கில் தலை வரவே இல்லை. கை வந்தது. கறுத்த நகம் வந்தது. முடிச்சு ஒரே இழுப்பில் விழுந்தது. தங்கை காலை இழுத்துக்கொண்டபோது கை அந்தரத்தில் நின்ற நிலை, நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது. ஓகே என்று கத்தினேன். அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கண்ணாடியை வாங்கி மாட்டினார்.

"கை நல்லா நடிச்சுதா?"

நன்றாக நடித்தது என்றேன், கேமராவின் திரையைப் பார்த்தபடி. அவர் தேநீரை நின்றுகொண்டே குடித்துவிட்டு, நீலச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார்.

அந்த வாரமே பேருந்து நிறுத்தக் காட்சியை அதே கார்டில் எடுத்து முடித்தோம்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடிக்கு மேலிருக்கும் மோட்டார் அறையில் அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் ஏன் இன்னும் ஓடவில்லை என்று பார்க்கப் போனவர் கண்டார். நெஞ்சு என்றார்கள். மடியில் டார்ச் எரிந்துகொண்டிருந்ததாம்.

வீட்டுக்கு அவரோடு வேலை செய்த கூட்டாளிகள் வந்தார்கள். அதில் வயதானவர் என்னைக் காட்டி, இந்தப் பொண்ணுதானே படம் எடுத்தது என்று கேட்டார். அப்பா ஒரு மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். கதாநாயகிக்கு அப்பா வேடம், வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்று. அம்மா அழுகைக்கு நடுவில் தலையாட்டினாள். காலேஜில் பெரிய திரையில் போடுவார்கள், எல்லோரும் வந்து பார்க்கணும் என்றாள்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முகம் வேண்டாம் என்று நான் சொன்னதை அப்பா யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

புகைப்படங்கள் இருந்தன. அடையாள அட்டையில் ஒன்று. கல்யாணத்தில் எடுத்தவை. எதிலும் அவர் கண் சிமிட்டவில்லை. வீட்டு ஃபோனில் நூற்றுக்கும் மேல் வீடியோ இருந்தது. எல்லாம் அவர் எடுத்தது. அம்மா வருகிறாள், நான் வருகிறேன், தங்கை பல் விழுந்த வாயைத் திறந்து காட்டுகிறாள். அவர் வரவில்லை. குரல் மட்டும், இங்க பாரு, இங்க, என்கிறது. ஒன்றில் மூலையை அவர் விரல் மறைத்திருக்கிறது.

அம்மா அவற்றை முழுக்கப் பார்த்து முடித்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

"பரவாயில்ல. உன் படத்துல இருக்காரே."

அழிந்ததை மீட்டுத் தரும் கடை ஒன்றை மீட்டர் கண்டுபிடித்தான். அழைத்தும் போனான். கடைக்காரர் கார்டை நான்கு மணி நேரம் வைத்திருந்தார். மூன்று கோப்பு கிடைத்தது. இரண்டு திறக்கவில்லை. ஒன்று திறந்தது. தரை, வெயில், தங்கையின் ஷூ. மேலிருந்து நீல நிறம் இறங்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு பச்சைக் கட்டங்கள். கட்டங்கள் அசையாமல் நின்றன. அவற்றுக்குப் பின்னால் தங்கை சிரிக்கிற சத்தம் கொஞ்சம் கேட்டது. நான்காவது டேக்.

கடைக்காரர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, இதன் மேல் வேறு ஏதோ எடுத்திருக்கிறீர்கள், அடியில் இருப்பது போனது போனதுதான் என்றார். பேருந்து நிறுத்தம். மீட்டர் அன்றைக்கே சொன்னவன். இப்போது சொல்லிக்காட்ட அவனுக்கு உரிமை இருந்தது. திரும்பி வரும்போது என் பையை அவன் வாங்கித் தூக்கிக்கொண்டான்.

படத்தின் கடைசியில் அப்பாவின் புகைப்படத்தைப் போடலாம் என்று அவன்தான் சொன்னான். போட்டுப் பார்த்தேன். அடையாள அட்டையில் இருப்பவர் யாருக்கும் லேஸ் கட்டுகிறவராகத் தெரியவில்லை. எடுத்துவிட்டேன். பேராசிரியையிடம் காட்டியபோது அவர் தொடக்கத்தை இரண்டு தடவை ஓட்டச் சொன்னார். முகத்தைக் காட்டாததுதான் இந்தப் படத்தின் உயிர், யார் என்ன சொன்னாலும் மாற்றாதே என்றார். அவருக்கு அப்பா இறந்தது தெரியும். அந்தக் கை யாருடையது என்று தெரியாது. நான் சொல்லவில்லை.

நான்கு பக்கத்தில் ஒரு கேள்வி: மீண்டும் எடுக்க நேர்ந்தால் எதை மாற்றுவீர்கள்? ஒலிப்பதிவை என்று எழுதினேன்.

அம்மாவிடம் சொல்ல மூன்று தடவை முயன்றேன். முதல் தடவை அவள் திரையிடல் நாளுக்காக வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். மேற்பார்வையாளரிடம் கெஞ்சியிருக்கிறாள். இரண்டாவது தடவை, முதல் வரிசையில் உட்காரலாமா, கழுத்து வலிக்குமா என்று கேட்டாள். மூன்றாவது தடவை நான் அம்மா என்று ஆரம்பித்ததும் நீ ஒண்ணும் சொல்லாதே, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கதையைச் சொல்ல வருகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

தங்கைக்குத் தெரியும். அன்று காலை என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டவள் அவள். அவளும் அம்மாவிடம் சொல்லவில்லை. நானும் அவளும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவும் இல்லை. திரையிடலன்று கிளம்பும்போது தலை சீவிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, கடைசித் தடவை அப்பா கண்ணை மூடிக்கிட்டாரு. பாக்காம கட்டினாரு. அதான் குனியல."

நான் கேமராவின் திரையில் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேலே என்ன நடந்தது என்று அவள் ஒருத்திதான் பார்த்திருக்கிறாள்.

கல்லூரித் திரையரங்கு சின்னது. அறுபது நாற்காலி. அப்பாவின் கூட்டாளிகள் மூன்று பேர் வேலைச் சட்டையோடு வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். அம்மா முதல் வரிசையில் எனக்கும் தங்கைக்கும் நடுவில். கைப்பையை மடியில் நேராக வைத்திருந்தாள். எங்களுக்கு முன்னால் நான்கு படம். நான்குக்கும் கைதட்டினாள்.

விளக்கு அணைந்தது. தரை. வெயில். ஷூ.

கை வந்ததும் அம்மா மூச்சை இழுத்துக்கொண்டாள். அந்த நகத்தை அவளுக்கு அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. நீலச் சட்டையின் கைவிளிம்பு திரையில் மூன்றடி உயரம் இருந்தது, மடிப்புக் கலையாமல். அவள் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். வலது கால் முடிந்தது. நாற்காலியில் உடம்பைத் தாழ்த்தி, கழுத்தைச் சாய்த்து, திரையின் மேல் விளிம்பைப் பார்த்தாள். தாழ்ந்து பார்த்தால் அதற்கு மேலே இருப்பது தெரியும் என்பதுபோல.

தங்கை திரையில் காலை இழுத்துக்கொண்டாள். கை அந்தரத்தில் நின்றது. அது பதினோரு விநாடி. எடிட்டிங்கில் ஒரு விநாடியைக்கூட நான் குறைக்கவில்லை.

பக்கத்தில் தங்கை தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் கதவு திறந்தது. படம் முடிய இன்னும் முப்பது விநாடி இருந்தது. அதில் பேருந்து நிறுத்தம் மட்டும்தான். அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் என் காதுப் பக்கம் சாய்ந்தாள்.

"அப்பா முகம் எப்பம்மா வரும்?"