ஜன்னல் ஸ்டாப்பிங்

“வண்டிய முக்குலயே நிறுத்தச் சொல்லுங்க சித்தப்பா! படத்துல விழுந்துடக் கூடாது!”

மூன்றாம் மாடி ஜன்னலில் பாதி உடம்பு வெளியே தொங்க, அவள் கத்தினாள். கையில் அப்பாவின் செல்போன்.

கீழே சித்தப்பா முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். “சவ வண்டிக்காரன் குதிக்கிறான்மா! இன்னும் நாலு வீடு பாக்கியாம். சட்டுனு முடி!”

உள்ளறைக் கட்டிலில் அப்பா. விடிந்தபோது மூச்சு இல்லை. அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. அதே கொரோனாத் தொற்றோடு ஆஸ்பத்திரியில் கிடப்பவளுக்கு நேற்றுதான் ஆக்சிஜனை எடுத்திருந்தார்கள். அதிர்ச்சி கூடவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

படம் போகாவிட்டால் அம்மா மோப்பம் பிடித்துவிடுவாள். ஊரடங்கில் வெறிச்சோடிய தெருவைத் தினமும் காலையில் ஜன்னலிலிருந்து எடுத்து அவளுக்கு அனுப்புவது அப்பாவின் வேலை. ஆயுசு பூரா பஸ் கண்டக்டராக இருந்தவர். படத்தின் கீழே, ‘மருந்துக்கடை ஸ்டாப்பிங். ஏற ஆளில்லை’ என்பார். டிக்கெட் கிழித்த கட்டைவிரல் எல்லாப் படத்திலும் ஓரமாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவளும் விரலை ஓரத்தில் வைத்தாள். இழுத்து மூடிய கடைகள். நாற்காலியில் தூங்கி வழியும் போலீஸ்காரர். நடுரோட்டில் மகாராஜா மாதிரி ஒரு நாய்.

க்ளிக்!

‘போலீஸ் ஸ்டாப்பிங். நாய்க்கு மட்டும் சீட் கிடைத்தது.’ அனுப்பினாள்.

வண்டி வந்தது. கவச உடைக்காரர்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். அவளுக்கும் காய்ச்சல், வாசலைத் தாண்டக் கூடாது. செல்போன் அலறியது. அம்மா.

“அப்பா... குளிக்கிறாரும்மா.”

“விரலெல்லாம் சரியாத்தான் வச்சிருக்கே.” அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. “ஆனா கண்டக்டர் நாய்க்கெல்லாம் சீட் குடுக்க மாட்டார்டி.”

அவள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். கீழே அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“கூட யாரு போறா?”

“சித்தப்பா.”

“தம்பியப் பார்த்துப் போகச் சொல்லு.”

“அம்மா... உனக்கு எப்படி...”

“ஒரே ஒரு தடவ மூஞ்சியக் காட்டுங்கன்னு தினமும் கெஞ்சுனேன். காய்ச்சல் மூஞ்சியப் பார்த்தா நான் பயந்துடுவேனாம். தெருவையே காட்டிக்கிட்டிருந்தார். நேத்து சாயங்காலம் கேக்காமலே மூஞ்சிப் படம் ஒண்ணு வந்துச்சு. நீ பார்த்தா அழுவேன்னு உடனே அவர் போன்ல அழிச்சுட்டாராம். அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

கீழே வண்டிக் கதவு அறைந்து மூடியது.

“அனுப்புறேன், பாரு.”

படம் திறந்தது. அப்பா முகம் மழித்து, தலையை நனைத்து வாரி, காக்கிச் சட்டைக்குக் கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தார். அவருக்குப் பின்னால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள் அவள்.