குளத்து மந்தைக்குத் தீனி

எல்மார் க்யூட்டின் உடம்பிலிருந்து எண்ணெய் கசிய ஆரம்பித்தது 1979 மார்ச்சில், உருளைக்கிழங்கெல்லாம் நிலவறையிலேயே அழுகிப்போன வருடம். ஓயவெரே ஊரின் எண்ணெய்ப்பாறைச் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடம் வெட்டியவன் அவன். முதலில் நெற்றியில், பிறகு முதுகில், பழுப்பாக, தார் நாற்றத்தோடு கசிந்தது. மனைவி ஹில்யா விரிப்புகளை வாரம் மூன்று முறை கொதிக்கவைத்தாள். அவன் பக்கத்தில் தீக்குச்சி உரசுவதை விட்டாள். சுரங்க மருத்துவர் அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பட்டியலில் இப்படி ஒரு நோய் இல்லை, அதனால் விடுப்பும் இல்லை என்றார். ஊர்ப் பொது நீராவிக் குளியலறையான சவுனாவில் ஆண்கள் அவனுக்குப் பலகையில் இடம் தரவில்லை. "அடுப்புகிட்ட வராதப்பா, எல்லாரும் சேந்து பொசுங்கிருவோம்" என்றார்கள், பாதி கேலி, பாதி பயம்.

ஒன்பது வருடம் கழித்து சுரங்கத்துக்கு அடியில் பாறையே தீப்பிடித்து இரண்டு மாதத்துக்கு மேல் எரிந்தது. அணைக்க விட்ட தண்ணீரெல்லாம் எண்ணெயாகத் திரும்பி வந்து ஊர்க்கோடிக் குளத்தில் நின்றது. அங்கிருந்து கிணறுகளுக்கு இறங்கியது. கன்றுகள் செத்தன, பிறகு பக்கத்து வீட்டு ஆல்மாவின் மூன்று மாதக் குழந்தை. அதன் பிறகுதான் தார்த்து நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து தாய்மி என்ற ஆய்வாளர் வந்தாள், பால் கேன்களில் பாக்டீரியாவோடு. எண்ணெயைத் தின்று உயிர்வாழ்பவை. ஊர் அவற்றைத் தாய்மியின் மந்தை என்றது. கோடை முடிவதற்குள் குளம் கறுப்பிலிருந்து தேநீர் நிறத்துக்கு வந்தது. எல்மார் ஒரு நாள் கையை உள்ளே விட்டுப் பார்த்தான். எடுத்தபோது முழங்கைவரை ரொட்டிக்காரன் கை மாதிரி வெளுத்திருந்தது. அன்றிலிருந்து தினமும் கால்மணி நேரம் இறங்கினான்.

நாட்டில் ஆட்சி மாறியது, சுரங்கம் மூடப்பட்டது, தாய்மிக்குச் சம்பளம் நின்றது, அவள் போகவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் பனி உருகியதும் கைவிட்ட சுரங்கம் புது எண்ணெயை மேலே தள்ளும். அதுவரை குளிர்காலத்தில் மந்தைக்கு இரையும் கிடையாது, சூடும் கிடையாது. அது செத்தால் எண்ணெய் நேரே கிணற்றுக்கு.

"நான் பகல் பூரா குளத்துக்குள்ள உக்காந்துக்கிறேன், என் எண்ணெயத் தின்னட்டும்" என்றான் எல்மார்.

"வேணாம் எல்மார். எது எண்ணெய், எது நீங்கன்னு அதுங்களுக்குத் தெரியாது."

"எனக்கே தெரியலையே, தாய்மி."

ஹில்யாதான் கத்தினாள். "ஒரு பலகையில எடம் குடுக்காத ஊருக்காகவா சாகப்போற?"

"ஊருக்கு என்ன. நீயும் அந்தக் கிணத்துத் தண்ணியத்தான குடிக்கிற."

பனிக்கட்டியை வெட்டி அவனுக்கு வழிசெய்ததும் அவள்தான்.

நாலு குளிர்காலம் உட்கார்ந்தான். முதலாவதில் கசிவு நின்றது. இரண்டாவதில் கொழுப்பு தீர்ந்தது. மூன்றாவதில் ஹில்யா அவனை முதுகில் சுமந்துதான் வீடு சேர்த்தாள். வெயிலில் அவன் விலா எலும்புக்கு ஊடே நாணல் தெரிந்தது. ஊர் ஆண்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கரையோடு நின்றார்கள், யாரும் இறங்கவில்லை. நாலாவது பிப்ரவரியில், ஒரு நண்பகலில், அவள் கறுப்பு ரொட்டியும் உப்பு மீனும் கொண்டுபோனபோது கரையில் அவன் கம்பளிச் சட்டை மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கொக்கிபோட்டுத் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. தாய்மி ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாள். மந்தை எப்போதையும்விடப் பெருத்திருந்தது. அதை ஹில்யாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் ஒரு வாரம் அவளைப் பார்க்காமலே இருந்தாள். அந்த வசந்தத்தில் எண்ணெய் வழக்கம்போல மேலே வந்தது, கிணற்றை எட்டவில்லை.

இப்போதும் குளிர்காலத்தில் குளம் முழுக்க உறைகிறது, ஓரிடம் தவிர, ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு. கோடாலி தேவைப்படாததால் மாட்டுக்குத் தண்ணீர் எடுக்க எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். ஹில்யா இரண்டு வருடம் அந்த இடத்தைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போனாள். மூன்றாம் வருடம் அவளும் வாளியோடு வந்தாள். ஆல்மா நகர்ந்து இடம் விட்டாள்.

"தண்ணி எப்படி இருக்கு?"

"வெதுவெதுன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஹில்யா கையை உள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். மற்ற பெண்கள் வரிசையில் காத்திருந்தார்கள்.